ஆள் தேடுபவருக்கும் வேலை தேடுபவருக்கும் நடுவில்

ஆட்களை வேலைக்குச் சேர்த்துவிடுவதுதான் என் தொழில். காலையில் ஒரு மேலாளர் போனில் "நல்ல ஆளே கிடைக்க மாட்டேங்கிறாங்க" என்று அலுத்துக்கொள்வார். மதியம், ஏறக்குறைய அதே வேலைக்கு அலைந்துகொண்டிருக்கும் ஒருவர் "எத்தனை இடத்துக்கு அனுப்பினாலும் ஒரு பதிலும் வரல" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுப் பழகிய பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: தனக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று நிறுவனம் தெளிவாகச் சொல்வதில்லை. தான் என்ன வேலை செய்தேன் என்று விண்ணப்பிப்பவரும் தெளிவாகச் சொல்வதில்லை. திறமை போதாமல் நழுவிய வேலைகளைவிட, இப்படிச் சொல்லாமல் விட்டதால் நழுவியவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிதிப் பிரிவு மேலாளர் என்னிடம் ஆள் கேட்டது நினைவுக்கு வருகிறது. "அக்கவுண்டன்ட் ஒருத்தர் வேணும். அஞ்சு வருஷ அனுபவம் கண்டிப்பா இருக்கணும். எக்செல் நல்லா தெரியணும்." அவ்வளவுதான். இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சேர்ந்து மூணு மாசத்துல அவர் எதை முடிச்சுக் கொடுத்தா உங்களுக்குத் தலைவலி தீரும்?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "வாடிக்கையாளர்கள்கிட்ட இருந்து வர வேண்டிய பணம் நிறைய நிக்குது. பில் போடுறோம், ஆனா யாரும் போன் பண்ணிக் கேக்கறதில்ல." ஆக, அவருக்குத் தேவைப்பட்டது நிலுவைப் பட்டியலைப் பார்த்து, தினமும் பத்து பேரைக் கூப்பிட்டு, உறவும் கெடாமல் பணத்தையும் வாங்குகிற ஒருவர். ஐந்து வருடக் கணக்கு அனுபவம் இருந்தும் போனை எடுக்கவே தயங்கும் ஆளைச் சேர்த்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி என்னைத்தான் கூப்பிட்டிருப்பார். விளம்பரத்தை மாற்றி எழுதினோம். வந்தவர், வாடிக்கையாளர் சேவையில் இருந்துவிட்டுக் கணக்குக்கு மாற முயன்றவர். அனுபவம் இரண்டே வருடம்தான். மேலாளர் முதலில் தயங்கினார். ஒரு நிலுவைப் பட்டியலைக் கையில் கொடுத்து, "இதில் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், ஏன்?" என்று கேட்டதும் தயக்கம் போய்விட்டது. பெரிய தொகையை முதலில் தொடாமல், தேதி கடந்து ரொம்ப நாளானவர்களில் வழக்கமாக ஒழுங்காகக் கட்டுபவர்களை முதலில் எடுத்தார் அந்தப் பெண். "இவங்க கட்டலன்னா பில்லுலதான் ஏதோ தப்பு இருக்கும்" என்றார். அதுதான் அந்த மேலாளர் தேடிய ஆள்.

"இத்தனை வருட அனுபவம்" என்பதை விளம்பரத்தின் முதல் வரியாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று நிறுவனங்களிடம் நான் மன்றாடுவதற்கு வேறு காரணமும் உண்டு. பணியாளர் தேர்வு முறைகளில் எது பின்னாளைய வேலைத்திறனை ஓரளவுக்காவது முன்கூட்டியே காட்டுகிறது என்று, 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அனுபவ ஆண்டுகளின் கணக்கு கீழ்ப்பகுதியில்தான் இருந்தது. 2022-இல் சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தார்கள். பல முறைகளின் மதிப்பு அதில் இறங்கிப்போனது. அனுபவ ஆண்டு இன்னும் கீழே போனது. முதலிடத்துக்கு வந்தது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்காணல். வேலையையே சிறிதாகச் செய்து காட்டச் சொல்வதும் நல்ல இடத்தில்தான் இருக்கிறது. நிலுவைப் பட்டியலைக் கொடுத்துக் கேட்டது அந்த வகை. அரை மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி இருக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து செய்கிற வேலையைச் "சோதனை" என்ற பெயரில் இலவசமாக வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களும் இருக்கின்றன. அப்படிக் கேட்டால் அதற்குச் சம்பளம் கொடுங்கள் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

இனி விண்ணப்பிப்பவர் பக்கம். ரெஸ்யூமேயில் நான் அதிகம் பார்க்கும் வரி இந்த மாதிரி இருக்கும்: "கிடங்கின் சரக்கு இருப்பு நிர்வாகத்துக்குப் பொறுப்பு வகித்தேன்." இதை வைத்து எனக்கு எதுவும் தெரியாது. இந்த வரியை எழுதிய ஒருவரைக் கூப்பிட்டு, "நீங்க போறதுக்கு முன்னாடி அங்க எப்படி இருந்துச்சு, நீங்க வந்தப்புறம் எப்படி ஆச்சு?" என்று கேட்டேன். கடகடவென்று சொன்னார். கணினியில் ஒரு எண்ணிக்கை, அலமாரியில் ஒரு எண்ணிக்கை. வருடக் கடைசியில் நான்கு நாள் கிடங்கை மூடி எல்லாவற்றையும் எண்ணுவார்களாம். இவர் வாரத்துக்கு ஒரு வரிசை அலமாரியை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். வித்தியாசம் வரும் பொருட்களைத் தனியே குறித்தார். பாதிப் பிரச்சினை, திரும்பி வந்த சரக்கை யாரும் பதிவு செய்யாததால் வந்தது என்று கண்டுபிடித்தார். அடுத்த வருடம் ஒரே நாள் மூடினால் போதுமானதாக இருந்தது.

"இதையெல்லாம் ஏன் எழுதல?" என்றேன். "இது என் வேலைதானே சார், இதைப் போய் எழுதுவாங்களா?" என்றார்.

எழுதத்தான் வேண்டும். நம்மில் நிறைய பேருக்குத் தற்பெருமை ஆகாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வது பெருமையடிப்பதாகாது. என்ன நிலைமை இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று மூன்று நான்கு வேலைகளுக்கு எழுதினால் போதும். எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள். இல்லையென்றால் இட்டுக்கட்டாதீர்கள், மாற்றத்தை வார்த்தையில் சொல்லுங்கள். எண்ணைப் போட்டவரிடம் "இது எப்படிக் கணக்கிட்டீங்க?" என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள்.

மென்பொருள்தான் ரெஸ்யூமேயைத் தூக்கிப் போட்டுவிடுகிறது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஏடிஎஸ் என்கிற அந்த மென்பொருளை நான் தினமும் திறந்து வேலை செய்கிறவன். பெரும்பாலான இடங்களில் அது விண்ணப்பங்களைச் சேர்த்துவைத்துத் தேட உதவும் அலமாரிதான். தானாகவே வடிகட்டுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆம், இல்லை கேள்விகள்: இந்த உரிமம் இருக்கிறதா, இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா. அவற்றை அவசரத்தில் தப்பாகத் தொட்டுவிட்டால் ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. இன்னொன்று, இரண்டு நெடுவரிசை வடிவம், பெட்டிகள், படமாக மாற்றிய பக்கம் ஆகியவற்றை மென்பொருள் சரியாகப் படிக்காமல் போகலாம். ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்து, சாதாரணத் தலைப்புகள் போதும். விளம்பரத்தில் "கொள்முதல்" என்று இருந்து, நீங்கள் செய்ததும் அதுவேதான் என்றால் அந்தச் சொல்லையே போடுங்கள். நான் தேடும்போது அந்தச் சொல்லைத்தான் தட்டுவேன். வெள்ளை எழுத்தில் சொற்களை மறைத்துத் திணிக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மென்பொருள் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும்போது அது அப்படியே எங்கள் கண்முன் வந்து நிற்கும்.

அப்புறம், ஏஐ எழுதிக் கொடுத்த கடிதங்கள். பிழை திருத்த, மொழியைச் சீராக்க அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரே வேலைக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடிகின்றன. அந்தக் குவியலில், தான் தீர்த்த ஒரு சிக்கலைச் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதியவர் தனியாகத் தெரிகிறார். அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறேன்.

தானியங்கி வடிகட்டலை நம்பும் நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமேசான் தன் பழைய ரெஸ்யூமேக்களை வைத்துப் பயிற்றுவித்த ஒரு தேர்வுக் கருவி, பெண்களுக்கு எதிராகச் சாய்ந்ததால் கைவிடப்பட்டது என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதுவரை வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் ஆண்களே அதிகம் என்பதால், கருவியும் அதையே கற்றுக்கொண்டது. மனிதக் கண்ணும் அதற்குக் குறைந்ததில்லை. பெயரை மட்டும் மாற்றி ஒரே தரத்து விண்ணப்பங்களை பாஸ்டன், சிகாகோ நகரங்களில் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அதனால் முதல் சுற்றுப் பார்வையில் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள் என்று கேட்கும் மேலாளர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். செய்வதும் எளிது.

நேர்காணல் அறைக்குள் நடப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். மூன்று பேர் உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து முடித்ததும், கதவு சாத்தியவுடன் அதிகாரத்தில் மூத்தவர் "எனக்கு என்னமோ சரியா படல" என்று சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மற்ற இருவரும் தங்கள் தாளில் எழுதியதை மனதுக்குள் மாற்றிக்கொள்வதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இதற்கு நான் வைத்திருக்கும் ஒரே வழி: வாயைத் திறக்கும் முன் மூவரும் ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் எழுதி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். பேச்சில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். "சரியா படல" என்றால், எந்தப் பதிலில் என்று காட்டச் சொல்வேன். காட்ட முடியாவிட்டால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்வேன்.

புதிர்க் கேள்விகள் வேண்டாம். ஒரு விமானத்துக்குள் எத்தனை பந்து அடங்கும் என்ற வகைக் கேள்விகளுக்கு ஒருகாலத்தில் பேர்போன இடம் கூகுள். அங்கே ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக்கே 2013-இல் ஒரு பேட்டியில், அவை முழுக்க நேர விரயம் என்று சொல்லிவிட்டார். கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தருவதைத் தவிர அவற்றால் பலனில்லை என்பது அவருடைய கருத்து. நான் முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன்.

பதில் சொல்பவர்களுக்கு: குழுவாகச் செய்த வேலையைச் சொல்லும்போது "நாங்க செஞ்சோம், நாங்க முடிச்சோம்" என்றே போய்க்கொண்டிருந்தால் கேட்பவருக்கு உங்கள் பங்கு தெரியாது. குழுவுக்குரியதைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, "அதில் இந்தப் பகுதி என் கையில் இருந்தது" என்று சொல்லுங்கள். இடைவெளி இருந்தால், குழந்தை, உடல்நலம், பெற்றோரைப் பார்த்துக்கொண்டது, வேலை போனது என எதுவாக இருந்தாலும் ஒரே வரியில் சொல்லி, இப்போது தயாராக இருப்பதையும் சொல்லி, அடுத்ததுக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடம் விளக்கினால்தான் சந்தேகம் வரும். வேலை நீக்கத்தை மறைக்க வேண்டாம். வேலை பார்த்த தேதிகளை இழுத்து நீட்டவும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் மாட்டுவது தேதிதான். இடைவெளியை மன்னிக்கும் மேலாளர்கள் நிறைய. பொய்த் தேதியை மன்னித்தவரை இதுவரை நான் பார்க்கவில்லை.

சம்பளம். இதைப் பேசக் கூச்சப்பட்டே இரண்டு பக்கமும் நேரத்தை வீணாக்குகின்றன. நான்கு சுற்று முடிந்து, எல்லோருக்கும் பிடித்துப்போய், கடைசியில் தொகையைச் சொன்னதும் எழுந்துபோகிற நிலைமை யாருக்கும் வேண்டாம். விளம்பரத்திலேயே வரம்பைப் போட்டுவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். உலகமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவின்படி, விண்ணப்பிப்பவருக்குத் தொடக்க ஊதியத்தையோ வரம்பையோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முந்தைய சம்பளம் என்ன என்று கேட்கவும் கூடாது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க 2026 ஜூன் வரை காலம் தரப்பட்டது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலே விளம்பரத்தில் ஊதிய வரம்பைப் போட்டாக வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் செய்யலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. வேலை தேடுபவரும் முதல் போனிலேயே "இந்த வேலைக்கு என்ன வரம்பு வெச்சிருக்காங்க?" என்று கேட்கலாம். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நிம்மதிதான்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குப் பணம் தருவது நிறுவனம். சேர்ந்தவரின் முதல் வருடச் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் என்பது பரவலான வழக்கம். அதனால் நான் எவ்வளவு அக்கறையோடு பேசினாலும், என் வாடிக்கையாளர் நிறுவனம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நீங்களும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை தேடுபவரிடம் யாராவது பணம் கேட்டால், அங்கேயே நின்றுவிடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டின் 181-ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாகவே வைத்திருக்கிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக்கு முன்பணம், லேப்டாப்புக்கு வைப்புத்தொகை, ஆஃபர் லெட்டருக்கு "செயலாக்கச் செலவு" என்று பல பெயரில் வரும். நேர்காணலே இல்லாமல் சாட்டிலேயே வேலை உறுதி என்பார்கள். நிறுவனத்தின் பெயர் மாதிரியே ஒரு எழுத்து மட்டும் மாறிய மின்னஞ்சல் முகவரியில் இருந்து கடிதம் வரும். நம்பும் முன், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, இந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா, இந்த வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இருந்ததில்லை. அதனால்தான் முன்கூட்டியே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தெரிந்தவர் மூலம் வேலை என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த வேலை பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். எப்போதோ ஒன்றாக வேலை பார்த்தவர், ஒரு பயிற்சியில் சந்தித்தவர் ஆகியோரிடம் இருந்துதான் புதுச் செய்தி வருகிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதை எழுதினார். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து, 2022-இல் முடிவு வெளியான சோதனையும் ஓரளவு தள்ளியிருக்கும் தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று காட்டியது. பழைய சக ஊழியருக்கு "வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "கிடங்கு நிர்வாகத்தில் இந்த மாதிரி வேலை தேடுறேன், உங்க நிறுவனத்தில் அந்தப் பிரிவை யார் பாக்குறாங்க?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

கடைசிச் சுற்றுக்குப் பிறகு வரும் மௌனம்தான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் மனம் ஆறாத விஷயம். ஒருவர் விடுப்பு எடுத்து, நல்ல உடை உடுத்தி, வீட்டில் சொல்லிவிட்டு வந்து மூன்று முறை பேசிவிட்டுப் போகிறார். அதன்பின் யாரும் கூப்பிடுவதில்லை. அவர் ஒவ்வொரு போன் மணிக்கும் எழுந்து பார்ப்பார். நிறுவனங்களிடம் நான் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் நிபந்தனை இது: நேரில் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்குள் ஆம் அல்லது இல்லை. இல்லை என்றால் ஒரு காரணம், அவர் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய காரணம். "வேறொருவர் கூடுதல் பொருத்தம்" என்பதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. "விற்பனைக் கணிப்பை நேரடியாகச் செய்த அனுபவம் தேவைப்பட்டது, உங்கள் வேலையில் அது இல்லை" என்றால் அடுத்த முறைக்கு உதவும். இப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் சிலரை அடுத்த வருடம் வேறு வேலைக்குக் கூப்பிட்டபோது உடனே வந்தார்கள்.

வேலை தேடுபவர்களும் இதே மரியாதையைக் கொடுங்கள். வேறு இடத்தில் கிடைத்துவிட்டதா, ஒரு வரி அனுப்பிவிடுங்கள். ஆஃபரை ஏற்றுக்கொண்டு, சேரும் நாள் காலையில் போனை அணைத்துவைத்தால், உங்களைத் தேர்ந்தெடுத்ததால் திருப்பி அனுப்பப்பட்ட இன்னொருவரின் வாய்ப்பும் சேர்ந்து போகிறது. ராஜினாமா கொடுத்தபின் பழைய நிறுவனம் கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று நிறுத்தப் பார்க்கும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் நீங்கள் கிளம்ப நினைத்த காரணம் சம்பளம்தானா, மேலாளரா, வேலையா என்பதை ராஜினாமா எழுதும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரபரப்பான இரண்டு நாளில் அது நினைவில் நிற்பது கடினம்.

நிறுவனத்துக்கும் அந்த இடைப்பட்ட வாரங்கள்தான் ஆபத்தானவை. கையெழுத்து வாங்கியதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். நான் மேலாளரிடம் சொல்வது: ஆட்சேர்ப்புப் பிரிவு கூப்பிடுவது இருக்கட்டும், வாரம் ஒருமுறை நீங்களே பத்து நிமிடம் பேசுங்கள். முதல் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டியது என்று முன்பு என்னிடம் சொன்னீர்களே, அதை அவரிடமும் சொல்லுங்கள். முதல் நாள் காலையில் உட்கார இடம், உள்நுழையும் கடவுச்சொல், மதியத்துக்குள் முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலை, கேள்வி கேட்க ஒரு ஆள் ஆகிய நான்கும் தயாராக இருக்கிறதா என்று முந்தின நாள் நான் போன் போட்டுக் கேட்பேன்.